வேர் பிடித்த வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துக் கான்சாபுரம் என்னும் ஊர் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும், அவை வந்து தங்கும் கண்மாய்களும், கண்மாயை நம்பிய வயல்களுமாக அமைந்த நிலப்பகுதி அது. ஊரின் பெயரைக் கேட்டவுடன் வரலாறு பயின்றோரின் நினைவுக்கு வருபவர், மதுரையைத் தம் ஆளுகையின் கீழ் வைத்திருந்த கான்சாகிபு. மருதநாயகம் என்றும் யூசுப்கான் என்றும் மக்கள் நினைவில் வாழும் அவர், 1764ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். நாயக்கர், நவாபு, கான்சாகிபு, கும்பினியார் என்று ஆட்சிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்த மண் இது.

அதே காலத்தில் இம்மண்ணில் ஓசையின்றி மற்றொரு நிகழ்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. மதுரை மறைத்தளம் என்று நாம் வழங்கும் இளந் திருச்சபை, தன் குருக்களை ஒருவர் பின் ஒருவராக இழந்துகொண்டிருந்தது. வெளியே போர்; உள்ளே வறுமை. தலைமையோ ஐரோப்பிய அரசியலில் சிக்கித் தவித்தது. எந்த மனிதக் கணக்கின்படி பார்த்தாலும் அந்த இளஞ்செடி பட்டுப்போயிருக்க வேண்டும். ஆனால் அது பட்டுப்போகவில்லை. ஏன்?

இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், அந்தச் செடி நடப்பட்ட நாளிலிருந்து அதன் வளர்ச்சிக்குக் குறுக்கே நின்றவை எவை, அவற்றை அகற்றியோர் யாவர், எப்படி அகற்றினர் என்பதை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி எண்ணும்போது நமக்குச் சற்றுச் சங்கடமான ஓர் உண்மையும் புலப்படும். தடைகளில் பெரியவை பல வெளியாரால் வந்தவை அல்ல.

பதினொரு ஆண்டுப் பாலை

1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அங்கே பரதவர் பல்லாயிரவர் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். கடற்கரையில் திருச்சபை வேரூன்றிவிட்டது. ஆனால் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் வழி திறக்கவில்லை. 1595ஆம் ஆண்டு முதல் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் இயேசு சபைக் குரு மதுரை நகரில் தங்கியிருந்தார். வணிகத்தின் பொருட்டு அங்கு வந்து தங்கிய பரதவக் கிறித்தவர்களையும் போர்த்துக்கேயரையும் கவனித்துவந்தார். பள்ளி ஒன்றும் நடத்தினார். படைவீரராக இருந்து துறவறம் ஏற்ற அவர் பக்தியிலோ உழைப்பிலோ குறைந்தவர் அல்லர். ஆயினும் பதினொரு ஆண்டுகள் கழிந்த பின்னும், மதுரை நகரத்தாருள் ஒருவரேனும் அவர் வாயிலாகத் திருமறையைத் தழுவவில்லை.

உழைப்பு இருந்தது, செபம் இருந்தது, பலன் மட்டும் இல்லை. இத்தகைய நிலையில் மனிதர் பொதுவாகச் செய்வது என்ன? கேட்பவர் மீது பழிபோடுவது. "இவர்கள் கடின உள்ளத்தார்" என்று சொல்லிவிட்டால் சொல்பவருக்குத் தொல்லை தீர்ந்தது. 1606 நவம்பரில் மதுரைக்கு வந்த இருபத்தொன்பது வயது இளங்குரு ராபர்ட் தெ நொபிலி அப்படிச் சொல்லவில்லை. விதை நல்லது, நிலமும் நல்லது, அப்படியானால் விதைக்கும் கையில் ஏதோ குறை இருக்கிறது என்று அவர் கருதினார். மதுரை மறைத்தளத்தின் உண்மையான தொடக்கம் இந்த எண்ணம்தான்.

பரங்கி என்னும் மதில்

அவர் கண்ட குறை ஒரே சொல்லில் அடங்கியிருந்தது. அச்சொல் 'பரங்கி'. போர்த்துக்கேயரை நாட்டு மக்கள் பரங்கியர் என்று அழைத்தனர். மாட்டிறைச்சி உண்போர், மது அருந்துவோர், தூய்மையற்றோர், நாட்டு மரபுகளை மதியாதோர் என்னும் பொருளெல்லாம் அச்சொல்லில் ஏறியிருந்தன. இதனினும் கொடுமை, திருமறையைத் தழுவ வருவோரிடம், பரங்கிக்குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கமே கிறித்தவரிடையே ஏற்பட்டிருந்தது. கிறிஸ்துவை ஏற்பது என்றால் தன் மொழியை, உடையை, உணவை, உறவை எல்லாம் உதறிவிட்டு வேறோர் இனத்தாராக மாறுவது என்றே கேட்பவர் புரிந்துகொண்டனர். எந்தத் தன்மானமுள்ள மனிதர் இதற்கு இசைவார்?

நொபிலி தமிழ் கற்றார். பின்னர்ச் சிவதருமர் என்னும் அந்தணரிடம் வடமொழி பயின்றார். காவியுடை தரித்து, மரச்செருப்பு அணிந்து, புலால் நீக்கி, நாளுக்கு ஒருவேளை உணவுண்டு, தனிக் குடிலில் துறவியாக வாழ்ந்தார். தாம் பரங்கி அல்லர், உரோமை நாட்டிலிருந்து வந்த துறவி என்றும், தாம் போதிக்கும் மறை பரங்கியரின் உடைமை அன்று, அதைத் தழுவுவோர் தம் குலத்தை இழக்க வேண்டியதில்லை என்றும் வெளிப்படையாக அறிவித்தார். முதலில் அவரை நாடி வந்து, பல நாள் வாதிட்டு, திருமுழுக்குப் பெற்றவர் பெர்னாந்தஸ் அடிகளாரின் பள்ளியிலேயே கற்பித்துவந்த ஆசிரியர். அதே ஊரில், அதே பள்ளியில், பல ஆண்டுகளாகக் குருவின் அருகிலேயே இருந்த ஒருவர்! தூரத்தால் வந்த தடையாயின் இது நடந்திராது. மொழியும் வாழ்க்கைமுறையுமே நடுவில் மதிலாக நின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தத்துவ போதகர் என்று தமிழ் மக்கள் அவரை அழைத்தனர். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் முதலிய நூல்களால், தமிழில் இறையியல் பேசுவதற்கான சொற்களைத் தேடியும் ஆக்கியும் தந்தார். பாதிரி, குருசு என்று போர்த்துக்கேயச் சொற்களோடு வந்த மறை, குரு, கோயில், அருள் என்று தமிழ்க் காதுக்குப் பழகிய சொற்களில் பேசத் தொடங்கியது. இன்று நாம் திருப்பலியில் தடையின்றித் தமிழில் செபிக்கிறோம். அதற்கு வழி வெட்டியோர் வரிசையில் அவருக்கு முதன்மையான இடம் உண்டு.

உள்ளிருந்து எழுந்த புயல்

வெளிமதிலில் வாசல் திறந்தவுடன் உள்ளே புயல் எழுந்தது. 1610இல் பெர்னாந்தஸ் அடிகளாரே நொபிலியின் முறைகளைக் குறித்து மேலிடத்தில் முறையிட்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் அனுமதிக்கப்பட்டால், இது திருமறையா அல்லது வேறு சமயமா என்பது அவருடைய கேள்வி. இதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது, நேர்மையன்று. நம்பிக்கையின் தூய்மையைக் குறித்த அச்சம் அவருக்கு உண்மையாகவே இருந்திருக்க வேண்டும். மாநிலத் தலைவர் அல்பெர்த்தோ லயெர்சியோவும் கிராங்கனூர் பேராயர் பிரான்சிஸ் ரோசும் நொபிலியை ஆதரித்தனர். எதிர்த்தோரும் எளியவர் அல்லர். 1619இல் கோவாவில் கூடிய மாநாட்டில் பலர் அவரைக் கண்டித்தனர்.

ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் நொபிலி கட்டுப்பாடுகளுக்கும் ஐயங்களுக்கும் நடுவே வாழ்ந்தார். அவர் கீழ்ப்படிந்தார், ஆனால் வாய்மூடி இருந்துவிடவில்லை. எது சமயச் சடங்கு, எது நாட்டு வழக்கம் என்று நூலாதாரங்களோடு நீண்ட விளக்கங்கள் எழுதியனுப்பினார். முடிவில் 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் திருத்தந்தை 15ஆம் கிரகோரியார் வெளியிட்ட ஆணை, மூடநம்பிக்கை விலக்கப்படும் வரையில் அவ்வழக்கங்களைக் கைக்கொள்ளலாம் என்று அனுமதித்தது.

அந்த ஆணையில் இன்னொரு பகுதியும் உண்டு. அதை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை. உயர்குடியினராகத் தம்மைக் கருதுவோர் தாழ்ந்தோராகக் கருதப்படுவோரை இகழலாகாது என்றும், இறைவார்த்தையைக் கேட்பதிலும் அருட்சாதனங்களைப் பெறுவதிலும் அவர்களை ஒதுக்கலாகாது என்றும் திருத்தந்தை வருந்திக் கேட்டுக்கொண்டார். பூணூலுக்கான அனுமதியை எல்லாரும் நினைவில் வைத்துக்கொண்டனர். இந்த வேண்டுகோள் மட்டும் ஏட்டோடு நின்றது. பின்னர் வந்த துன்பத்தின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

பண்டாரசாமிகள்

அந்தணத் துறவியின் வாழ்க்கையை மேற்கொண்ட நொபிலியால், ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக இயலவில்லை. அவர்களுள்ளும் நற்செய்தியைக் கேட்க ஆர்வம் கொண்டோர் இருந்தனர். இரவில் மறைவாக அவர்களைச் சந்திக்க நேர்ந்தது. ஒருவருக்கு வாசலைத் திறந்த அதே முறை மற்றவருக்கு வாசலை அடைத்தது. பரங்கி மதிலை இடித்த கையே சாதி மதிலுக்கு முட்டுக்கொடுத்தது என்று இன்று சிலர் கூறும் குற்றச்சாட்டை நாம் முற்றிலும் மறுத்துவிட முடியாது.

1640இல் பல்தசார் தா கோஸ்தா என்னும் குரு ஒரு புது வழியைக் கண்டார். பண்டாரம் என்னும் சைவத் துறவியர் எல்லாக் குலத்தாரோடும் பழகுவதற்கு நாட்டு வழக்கத்தில் தடை இல்லை. அந்தக் கோலத்தை அவர் மேற்கொண்டார். பண்டாரசாமிகள் என்று பெயர்பெற்ற இவ்வகைக் குருக்களின் வருகைக்குப் பிறகே நற்செய்தி ஊர்தோறும் பரவியது. உழவரும் கைவினைஞரும் கூலியாட்களும் திருச்சபையில் சேர்ந்தனர். எண்ணிக்கையில் மதுரை மறைத்தளத்தைத் தாங்கிநின்றோர் இவர்களே. அதே 1640இல் நொபிலி மதுரையில் சிறைவைக்கப்பட்டதையும் இங்கே நினைக்கலாம். ஒரு வாசல் அடைபட்ட ஆண்டிலேயே இன்னொரு வாசல் திறந்தது. பார்வை மங்கி முதுமையுற்ற தத்துவ போதகர் 1656இல் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார்.

பண்டாரசாமிகளுள் புகழ்மிக்கவர் புனித அருளானந்தர். போர்த்துக்கல் அரசவையில் வளர்ந்த அவர், மறவர் நாட்டின் முட்காடுகளில் நடந்தார். 1686இல் பிடிபட்டு வதைக்கப்பட்டார். தாயகம் சென்றபோது அங்கேயே தங்கிவிடுமாறு மன்னரே வேண்டியும் 1690இல் திரும்பி வந்தார். தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரே மனைவியோடு வாழ முடிவுசெய்தபோது, விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் சேதுபதியின் உறவினராக இருந்தமையால் பெரும் பகை மூண்டது. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டது. கொலையால் மறையை வேரறுக்கலாம் என்று எண்ணியோர் ஏமாந்தனர். ஓரியூர் மணல் இன்றும் மக்களை அழைக்கிறது.

நோயாளியின் வாசற்படி

எனினும் மறைசாட்சியின் குருதியாலும் கரையாத ஒரு கல் நடுவில் கிடந்தது. 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில், உரோமையின் தூதராக வந்த தூர்னோன், மலபார்ச் சடங்குகள் எனப்பட்ட வழக்கங்கள் சிலவற்றைத் தடைசெய்தார். அவர் கண்டித்தவற்றுள் ஒன்று நம் நெஞ்சைச் சுடுவது. ஒடுக்கப்பட்ட குலத்தைச் சேர்ந்த நோயாளி சாகக் கிடந்தாலும், குரு அவர் வீட்டுக்குள் சென்று அருட்சாதனம் வழங்குவதில்லை; நோயாளியை வெளியே தூக்கிவந்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. உள்ளே சென்றால் மற்றச் சாதியார் குருவை ஏற்கமாட்டார்கள், மறைத்தளமே குலைந்துவிடும் என்பது அக்காலக் குருக்களின் வாதம்.

அவர்களுடைய இக்கட்டை நாம் உணரலாம். ஆனால் அந்த வாசற்படியில் கிடத்தப்பட்ட நோயாளியின் இடத்திலிருந்து இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா? தம்மைத் தொட்டுக் குணப்படுத்திய ஆண்டவரை நம்பி வந்த ஒருவர், அதே ஆண்டவரின் பெயரால், தம் சாவுப் படுக்கையிலிருந்து தூக்கி வெளியே கிடத்தப்படுகிறார். வளர்ச்சியைக் காப்பதற்காகவே வளர்ச்சியின் பொருளை இழந்துவிடும் ஆபத்து இதுதான். 1744இல் திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர் தடைகளை உறுதிப்படுத்தியபோது, ஒடுக்கப்பட்டோருக்கென்று தனிக் குருக்களை நியமிக்கும் ஏற்பாட்டை அனுமதித்தார். நோயாளிக்கு வீட்டினுள்ளே குரு கிடைத்தார். ஆனால் குருக்களும் இருவகையாயினர். நோய் முற்றும் தீரவில்லை.

மேய்ப்பரில்லா மந்தை

வீரமாமுனிவர் 1710இல் இந்தியா வந்து, தொடக்க ஆண்டுகளில் காமநாயக்கன்பட்டி போன்ற தென்பகுதித் தளங்களிலும் பின்னர் ஏலாக்குறிச்சியிலும் பணியாற்றி, 1747இல் மறைந்தார். தேம்பாவணி பாடிய புலவராகவே அவரை உலகம் போற்றுகிறது. ஆனால் இங்கு நாம் நினைக்க வேண்டியது அவருடைய உரைநடை நூலான வேதியர் ஒழுக்கத்தை. வேதியர் என்று அதில் சுட்டப்படுவோர் உபதேசியார்கள். மறையைப் பரப்பும் பொதுநிலையினர் எப்படி வாழ வேண்டும், எப்படி உழைக்க வேண்டும் என்று அவர்களுக்கென்றே எழுதப்பட்ட நூல் அது. அடுத்து வரவிருந்த இருளுக்கு முன்பே ஏற்றிவைக்கப்பட்ட விளக்கு என்று அதைச் சொல்லலாம்.

இருள் விரைவில் வந்தது. 1759இல் போர்த்துக்கல் அரசு இயேசு சபையைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெந்து சபையையே கலைத்தார். மறைத்தளத்தில் எஞ்சியிருந்த முதிய குருக்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். கோவைக் குருக்களும் பாரிஸ் மறைபரப்புச் சபையினரும் இயன்ற அளவில் உதவினர். பரப்பு மிகப் பெரிது, கைகள் மிகச் சில. இதே ஆண்டுகளில்தான் கான்சாகிபின் வீழ்ச்சியும், பாளையக்காரர் போர்களும், 1799இல் கட்டபொம்மனின் தூக்கும், 1801இன் பெரும் கிளர்ச்சியும் இந்நிலத்தை உலுக்கின.

ஆண்டுக்கொருமுறைகூடக் குருவைக் காணாத ஊர்களில் மறையைக் காத்தவர் யார்? ஞாயிறன்று மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார். சாகும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்த மூதாட்டி. அடுப்படியில் மந்திரங்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்த தாய். இறந்தவரை அடக்கம் செய்யும்போது முன்னின்று செபித்த ஊர்ப் பெரியவர். இவர்களுள் பெரும்பாலோருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. சிலர் விலகிப் போயினர் என்பதும் உண்மையே. ஆனால் 1838இல் இயேசு சபையார் மீண்டும் வந்தபோது, அழிந்துபோன ஒரு திருச்சபையை அவர்கள் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை. மெலிந்திருந்தாலும் உயிரோடிருந்த ஒரு திருச்சபை அவர்களை எதிர்கொண்டது.

இரு கொடிகள்

ஜோசப் பெர்த்ரான் முதலிய நால்வர் 1837இல் புதுச்சேரி வந்திறங்கி, மறு ஆண்டு உள்நாடு சென்றனர். வெப்பமும் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களைத் தாக்கின. அந்நால்வருள் மூவர் முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே உயிர்நீத்தனர். ஆனால் காய்ச்சலைவிடக் கொடியதாக இருந்தது அதிகாரச் சண்டை. கோவாவின் பழைய உரிமையைப் பற்றி நின்றோர் ஒருபுறம். உரோமையின் மறைபரப்புப் பேராயத்தால் அனுப்பப்பட்டோர் மறுபுறம். பல ஊர்களில் ஒரே கோயிலுக்கு இரு தரப்பார் உரிமை கோரினர். வழக்கு மன்றம் ஏறினர். உறவினர் பிரிந்தனர். ஒரே ஆண்டவரின் பலிபீடத்தைப் பூட்டுவதற்கு இரு பூட்டுகள்! இதைக் கண்ட அயலார் எந்த நற்செய்தியைக் கற்றிருப்பர்?

1847இல் அலெக்சிஸ் கனோஸ் மதுரையின் முதல் மறைப்பணி ஆயரானார். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்ட புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு மாறியது. 1886இல் ஏற்பட்ட உடன்படிக்கையும் மறைமாவட்ட அமைப்பும் சண்டையைப் பெருமளவு தணித்தன. 1923இல் தூத்துக்குடியின் ஆயராக திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை பொறுப்பேற்றபோது, இம்மண்ணின் மகனே மேய்ப்பராகும் காலம் பிறந்தது. மதுரை 1938இல் தனி மறைமாவட்டமாகவும், 1953இல் உயர்மறைமாவட்டமாகவும் உயர்ந்தது. 1967இல் ஜஸ்டின் திரவியம் ஆண்டகை அதன் முதல் இந்தியப் பேராயரானார். பரங்கி மறை என்னும் பழைய பழிக்கு முழுமையான விடை சொல்ல ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

நம் அயலாரான சீர்திருத்த சபையாரிடமிருந்தும் நாம் கற்க ஒன்று உண்டு. திருவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகள் அன்று திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதி. கேம்பிரிட்ஜில் கல்விப் பதவி வகித்த தாமஸ் ராக்லண்ட், அந்த வசதிகளையெல்லாம் துறந்து, 1854 முதல் இப்பகுதியின் ஊர்களில் கூடாரம் அடித்துத் தங்கி நற்செய்தி உரைத்தார். தென்பகுதிச் சபைகளைச் சேர்ந்த தமிழ் உபதேசியார்கள் முறைவைத்து வந்து அவரோடு உழைத்தனர். நோயால் நலிந்த அவர் 1858 அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் இறந்தார். கண்ட பலன் மிகச் சிறிது. ஆனால் மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியின் வழியையே தம் வழியாக அவர் தேர்ந்துகொண்டிருந்தார். இன்று சிவகாசிக்கு அருகில் சாட்சியாபுரம் இருக்கிறது. தென்னவர் வடக்கிற்கு உழைத்தது கவனிக்கத்தக்கது. வளர்ந்த சபை இளஞ்சபையைத் தாங்கியது.

வடக்கன்குளத்துச் சுவர்

மீண்டும் நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1745இல் புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளம் நமக்குப் புனிதமான ஊர். 2022 மே 15ஆம் நாள் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, எல்லாக் குலத்தாரோடும் சமமாகப் பழகியவர் என்று உலகம் அவரைப் போற்றியது. அதே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டி முடிக்கப்பட்ட திருக்குடும்பக் கோயிலின் அமைப்பு விந்தையானது. பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு. ஒன்று ஒரு சாதியார்க்கு. மற்றொன்று பிற சாதியார்க்கு. கால்சட்டையின் இரு கால்களைப்போல் கோயில் பிரிந்திருந்தது. ஒரு சாரார் மற்றவரைப் பாராமலே ஒரே பலியில் பங்குகொள்ளலாம்!

1910இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். உரிமை இழந்ததாகக் கருதியோர் நீதிமன்றம் சென்றனர். சாதியின் அடிப்படையில் கோயிலில் தனியிடம் கோர முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் அவர்களுடைய வழக்கு தோற்றது. தடுப்பை இடித்தால் மக்கள் பிரிந்துபோவர், சபை சிதறும் என்ற எச்சரிக்கை அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்? இருநூறு ஆண்டுகளுக்கு முன் நோயாளியை வெளியே தூக்கிவரச் செய்த அதே அச்சம்தான் அது. அந்த அச்சத்தை ஒருவர் மீறினார். திருச்சபை சிதறிவிடவில்லை.

ஆனால் எல்லாச் சுவர்களும் விழுந்துவிட்டனவா? 2008இல் எறையூரில் நடந்த மோதலும் துப்பாக்கிச் சூடும் இரு உயிர்களைப் பறித்தன. இறந்த பின்னும் பிரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டங்கள் தமிழகத்தில் இன்னும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவர்க்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது என்று நாம் நியாயமாகவே குரல் எழுப்புகிறோம். அந்த ஆணையில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். நம்மவர் இன்னும் வெளியே நிற்கின்றனர். ஆனால் வெளியே நீதி கேட்கும் நாவுக்கு, உள்ளே நீதி செய்யும் கை துணைநிற்க வேண்டும் அன்றோ? 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டதும், 2022இல் அந்தோணி பூலா ஆண்டகை கர்தினாலாக உயர்த்தப்பட்டதும் நல்ல அடையாளங்கள். அடையாளம் ஊரில் வந்து நடைமுறையாக வேண்டும்.

கண்மாய் சொல்லும் பாடம்

நான்கு நூற்றாண்டுகளை ஒருசேர நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வெளியிலிருந்து வந்த தடைகளான சிறையும் வாளும் போரும் நோயும் திருச்சபையை வருத்தின, ஆனால் அழிக்கவில்லை. சில வேளை அவை வேரை ஆழமாக்கின. உண்மையில் வளர்ச்சியை நிறுத்தியவை உள்ளிருந்த தடைகள். அயல்நாட்டு உடைக்குள் நற்செய்தியை அடைத்துவைத்த பெருமிதம் ஒன்று. சகோதரனை வாசற்படியில் நிறுத்திய சாதி மற்றொன்று. பலிபீடத்தைப் பங்குபோட்ட அதிகார ஆசை மூன்றாவது. அவற்றை அகற்றியோரும் பெரும்பாலும் உள்ளிருந்தே வந்தனர்: தன் குறையைத் தானே ஆராய்ந்த ஓர் இளங்குரு, கீழிறங்கிவரத் துணிந்த ஒரு பண்டாரசாமி, பெயர் தெரியாத உபதேசியார்கள், சுவரை இடித்த ஒரு பங்குக் குரு. ஒரு தடையை அகற்றியவரே இன்னொன்றை அறியாமல் வைத்துவிடவும் கூடும் என்பதையும் இவ்வரலாறு நமக்கு உரைக்கிறது. ஆகவே ஒரு தலைமுறை செய்து முடித்தது என்று எதையும் விட்டுவிட முடியாது.

மலையடிவார ஊர்களில் புதிதாக ஒரு சிற்றாலயம் எழும்போது நாம் முதலில் எண்ணுவது, எத்தனை குடும்பங்கள் சேர்ந்தன என்பதை. அது தேவையான கணக்குத்தான். ஆனால் அதோடு வேறு சில கணக்குகளையும் பார்க்க வேண்டும். குரு வராத ஞாயிறன்று அங்கே செபம் நடத்தப் பயிற்சி பெற்ற பொதுநிலையினர் எத்தனை பேர்? ஒரே பந்தியில் உண்ணும் குடும்பங்கள் எத்தனை? கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? அயலார் நம்மைப் பார்த்து, 'இவர்கள் நம்மவரே' என்று சொல்வார்களா?

கான்சாபுரத்தைச் சூழ்ந்த நிலத்தில் உழவர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. மலையில் எவ்வளவு மழை பெய்தாலும், கண்மாயில் வண்டல் மேடிட்டிருந்தால் தண்ணீர் தங்காது. அந்த வண்டலை எதிரி கொண்டுவந்து கொட்டவில்லை. வாழ்வு தந்த அதே நீரோடு அது ஆண்டுதோறும் வந்து சேர்ந்தது. அதனால்தான் நம் முன்னோர் குடிமராமத்து என்று வகுத்து, ஊரார் அனைவரும் சேர்ந்து தூர் வாரினர். ஒரு வீட்டார் வாரி மறுவீட்டார் நிற்பது அங்கே வழக்கமில்லை. மழை இறைவன் தருவது, அதில் குறைவில்லை. தூர் வாருவது நம் கடமை. வாரிவிட்டோம் என்று மண்வெட்டியை வைத்துவிட முடியாது. அடுத்த ஆண்டும் வண்டல் வரும்.